மேசைக்கு அடியில் இருப்பவள்

பதினேழு வருடமாக
வேலைக்குப் போய் மண்டியிடுகிறேன்.
ஒரு பலகை மேசை, நீலத் துணி,
துணிக்குப் பின்னால் என் தலை,
துணிக்கு மேலே என் வலது கை,
கை முடிகிற இடத்தில் ஒரு கடல்நாய்.

பெயர் ஸ்க்வால்ப்.
படகின் அடிவயிற்றில் தண்ணீர் தட்டும் சத்தத்துக்கு
எங்கள் சுவீடிஷில் இருக்கிற சொல்.
எங்கள் சுவீடிஷ் என்றால்
சுவீடன்காரர்களுடையது அல்ல,
வளைகுடாவுக்கு இந்தப் பக்கம்
ஃபின்லாந்தின் பாறைக்கரைகளில் தங்கிவிட்டது.
அங்கிருந்து வருகிறவர்கள்
உங்கள் பேச்சு எவ்வளவு அழகு என்பார்கள்,
செல்லாத காசைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல.

மாலை ஆறு இருபது. அரை மணி நேரம்.
பொது ஒளிபரப்பின் குழந்தைகள் அலைவரிசையில்
ஸ்க்வால்ப் தும்முவான்,
மீன்களுக்குப் பெயர் வைப்பான்,
பல் துலக்க மாட்டேன் என்பான்.
ஒலிப்பதிவாளர் யோர்மா ஃபின்னிஷ்காரர்.
உங்கள் பாஷை ஒரு வார்த்தை புரியாது என்பார்.
சிரிக்கவேண்டிய இடத்தில் அவர் தோள் குலுங்குவதை
துணியின் கிழிசல் வழியே பார்த்திருக்கிறேன்.

மார்ச்சில் மேல்மாடியிலிருந்து ஒருவர் வந்தார்.
நல்ல மனிதர், காலுறைகள்தான் வேறு வேறு நிறம்.
"மொத்தம் எத்தனை குழந்தைகள்?" என்றார்.
பார்க்கிறவர்களா, பேசுகிறவர்களா?
"வித்தியாசம் உண்டா?"
நான் கேட்டதையே குறித்துக்கொண்டு
ஒரு படிவத்தை வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் எலோஃப் வந்தான்,
கிழக்கு எல்லையோரம் குஹ்மோவிலிருந்து,
ஒரு பேருந்து, ஒரு ரயில், ஒரு பகல் முழுக்க.
ஐந்து வயது. முன்பல் ஆடிக்கொண்டிருந்தது.
அப்பா தூர்பியோர்ன் தெற்குத் தீவுக்காரர்,
மர ஆலை வேலைக்காக அங்கே போனவர்.
அந்த ஊரில் சுவீடிஷ் பேச
அவருக்கு மகனை விட்டால் ஆளில்லை.
மகனுக்கு அப்பாவை விட்டால்
மாலை ஆறு இருபது.

நேராகக் கடல்நாயிடம் போனான்.
பல்லைக் காட்டினான்.
நூல் கட்டி இழுக்கலாமா,
கதவில் கட்டலாமா, ஆப்பிள் கடிக்கலாமா,
நெடுநேரம் ஆலோசித்தார்கள் இருவரும்.
என் தோள்பட்டை மரத்துப் போயிற்று.

பிறகு துணியைத் தூக்கிப் பார்த்தான்.

முழங்காலில் பஞ்சுறையும்
வாயில் ஹேர்பின்னுமாக நான்.
அவன் மரியாதையாக ஃபின்னிஷுக்கு மாறினான்:
"இங்கே என்ன செய்றீங்க, அத்தை?"

மனிதர்களிடம் அந்த மொழிதான் என்று
யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.
கடைத்தெரு சொல்லித்தந்திருக்கும், பனிச்சறுக்கு மேடு,
மழலைப்பள்ளியின் செருப்பு அலமாரி.

நான் சுவீடிஷில் சொன்னேன், என் சொந்தக் குரலில்
(ஸ்டுடியோவுக்குள் அதை நான் எடுப்பதே இல்லை):
"முட்டி வலிக்குது. கொஞ்சம் கைகொடு."

அவன் என் வாயையே பார்த்தான்.
கைகொடுக்க மறந்து திரும்பிக் கத்தினான்:
"அப்பா! இவங்களும்!"

விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்.
அப்பா. ஸ்க்வால்ப். அடுத்தது
நானும் ஸ்க்வால்பும் ஒன்றா, இரண்டா?
அங்கே தயங்கினான்.
தூர்பியோர்ன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
என் வலது கை என்னைக் கேட்காமல் நிமிர்ந்து
கடல்நாயின் கரகரப்பில் "ரெண்டு" என்றது.

அப்போது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
ஒலிபெருக்கி இருமியது.
யோர்மா.
பள்ளியில் மனப்பாடம் செய்து
முப்பது வருடம் பூட்டி வைத்திருந்த சுவீடிஷ்:
"வணக்கம். என் பெயர் யோர்மா.
என் மாமாவிடம் ஒரு சைக்கிள் இருக்கிறது."

"நாலு," என்றான் எலோஃப்.
"சைக்கிள் என்ன கலர்?"
யோர்மாவுக்கு அதற்குமேல் தெரியாது.

தன்னை எண்ண மறந்துவிட்டான்.
நானும் சொல்லவில்லை.

பல் லாஹ்தி தாண்டி ரயிலில் விழுந்ததாம்.
தூர்பியோர்ன் எழுதியிருக்கிறார்.
அதற்கு ஸ்க்வால்பின் மீன்களில் ஒன்றின் பெயரை வைத்து
தீப்பெட்டியில் வைத்திருக்கிறானாம்.

படிவம் இன்னும் என் பையில்.
எண் கேட்ட கட்டத்தில் ஐந்து என்று எழுதிப் பார்த்தேன்,
அழித்தேன், தாள் சற்று நைந்தது.
நாளைய கதைப்படி
ஸ்க்வால்ப் பல் துலக்கச் சம்மதிக்க வேண்டும்.
எனக்கென்னவோ
அவன் சம்மதிப்பான் என்று தோன்றவில்லை.